முப்பத்து மூன்றாம் கிழமையின் எல்லைகள்

தம்பதியாக வந்தால் மட்டும் பரிசு என்று
தொலைபேசியில் இரண்டு தரம் சொன்னார்கள்.
பாசிக்குடாவில் மதியச் சாப்பாடு,
சோறு காய்ச்சும் மின்பானை ஒன்று,
தொண்ணூறு நிமிடம் ஒதுக்கினால் போதுமாம்.

குகதாசன் கல்யாணச் சட்டையைப் போட்டார்.
பதினெட்டு வருசமாய்த் தண்ணி மீற்றர் வாசிக்கிற மனுசன்,
பாஸ்போட் எடுத்தும் ஒரு முத்திரை விழவில்லை.
செங்கலடியில் இருந்து ஸ்கூட்டி.
கிரான், கும்புறுமூலை,
வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

மண்டபம் ஐஸ்பெட்டி மாதிரி.
வினோஜன் என்றொரு பொடியன்,
டை அவனுக்கு ஒரு அளவு பெரிசு.
லங்காவி, என்று படத்தைத் திறந்தான்.
நீலத் தொட்டி, பல்கனி, கடலைப் பார்த்த கட்டில்.
வருசத்தில் ஒரு கிழமை உங்களுக்கே சொந்தம்,
முப்பத்து மூன்றாவது கிழமை,
சாகுமட்டும் உங்களுக்கு,
மறுகா உங்கட பிள்ளைகளுக்கு.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்று
இவர் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

நான் நொத்தாரிசு கந்தோரில் உறுதி எழுதுகிறவள்.
வடக்கே வள்ளியம்மை வாரிசுகளின் வளவு,
கிழக்கே ஒழுங்கை, தெற்கே வாய்க்கால்,
மேற்கே கோயில் காணி,
இதற்குட்பட்ட வீடு, கிணறு, பயன்தரு மரங்கள் சகலமும்.
தம்பி, இதுக்கு எல்லை என்ன, என்றேன்.
சிரித்தான். பகிடி என்று நினைத்தானாக்கும்.

மனசுக்குள் நானே எழுதிப் பார்த்தேன்:
வடக்கே முப்பத்திரண்டாம் கிழமை, யாரோ ஒரு டொக்டருக்கு உரியது.
தெற்கே முப்பத்து நாலாம் கிழமை, இன்னும் விலைபோகாதது.
கிழக்கே ஞாயிறு காலை பத்துமணி, சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.
மேற்கே வருசா வருசம் ஏறும் பராமரிப்புக் காசு,
அந்தப் பக்கம் வேலி இல்லை.
கிணறும் இல்லை.

விற்க நினைத்தால் யார் வாங்குவார்?
எந்தப் பதிவேட்டில், எத்தனையாம் பக்கம்?
கம்பனியை மூடிவிட்டால் சாவி யாரிடம்?
இந்தக் கடுதாசியை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கலாமா?

இண்டைக்கு மட்டும்தான் அக்கா இந்த விலை.

எந்தக் காணியும் பின்னேரம் நாலு மணிக்கு
எழும்பி ஓடினதை நான் கண்டதில்லை.
இதைச் சொல்ல வாயெடுக்கையில் மணி அடித்தது.
மூலை மேசையில் யாரோ கையெழுத்து வைத்துவிட்டார்கள்.
மண்டபமே கைதட்டியது.
நானும் தட்டினேன், ஏனென்று தெரியாமல்.

திரும்பிப் பார்த்தால்
இவர் பேனையைத் திறந்து வைத்திருக்கிறார்.
இஞ்ச பாரு புள்ள, அந்தக் கட்டிலைப் பாரு.
பார்த்தேன். நல்ல கட்டில்தான்.
துவாயை அன்னமாய் மடித்து நடுவில் வைத்திருந்தார்கள்.
மூடியை எடுத்து
அவர் கையில் இருந்தபடியே பேனையைப் பூட்டினேன்.
கொஞ்ச நேரம் அந்தக் கையை விடவில்லை.

மறுகா மனேச்சர் வந்தார், பாதி விலை.
இன்னொருவர் வந்தார், அதிலும் பாதி.
மின்பானை முடிந்துவிட்டதாம்.

ஸ்கூட்டியடிக்கு வினோஜன் ஓடி வந்தான்,
டை சட்டைப் பைக்குள்.
கால் விலையாக்கும் என்று நினைத்தேன்.
அக்கா, வாகரையில அம்மாட வளவு,
பெர்மிட் மட்டும்தான் இருக்கு, உறுதி எடுக்கலாமா?
திங்கட்கிழமை கந்தோருக்கு வா,
கொப்பி வேண்டாம், அசலைக் கொண்டு வா, என்றேன்.
நீ எத்தனை கிழமை வித்தாய்?
நாலு. கொமிசன் இன்னும் வரல்ல.

இவர் ஒன்றும் பேசவில்லை.
செருப்பைக் கழற்றி, காற்சட்டையை மடித்து,
நேரே கடலுக்குள் இறங்கினார்.
சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் பின்னால்.
அடிகளை எண்ணிக்கொண்டு போகிறார்,
மீற்றர் வாசிக்கிற அதே குரலில்.
நூற்றி நாற்பது, இன்னும் முழங்கால்தான்.
கரையில் காவலாளி விசில் ஊதுகிறான்,
விடுதி ஆட்களுக்கு மட்டுமாம் அந்த மணல்.
நாங்கள் மணலில் இல்லை.
இருநூற்றிப் பத்து, என்றார்.